பூனை ‘அம்மா’ என்று கூப்பிடுமா?

வளர்ப்புப் பிராணிகள் பகுதிக்கு இந்த முறை சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பூனையின் குரல் பற்றியவையே அதிகம். எங்கள் கால்நடை மருத்துவக் குழு பதில் தருகிறது. அவசரமான இரண்டு மூன்று கேள்விகளுக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் மூன்று வயது பெட்டைப் பூனை இருக்கிறது. நாட்டுப் பூனைதான். காலையில் பால் பாக்கெட்டோடு சமையலறைக்குள் நுழைந்தால் போதும், ‘அம்மா’ என்று தெளிவாகக் கூப்பிடுகிறது. ‘ம்மா, வா’ என்று சொல்வதாக என் மாமியார் சத்தியம் செய்கிறார். வீட்டுக்காரர் நம்ப மறுக்கிறார். பூனையால் பேச முடியுமா டாக்டர்?
– வாசகி, மயிலாப்பூர்

பொருள் தெரிந்து சொல்லும் சொல்லாக அது பேசுவதில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் ஒலி அங்கே இருப்பது நிஜம்.

‘மியாவ்’ எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். வாய் மூடியிருக்கும்போதே குரல் தொடங்கினால் காற்று மூக்கு வழியாக வரும், அதுதான் ‘ம்’. வாய் திறக்கத் திறக்க ‘இ’, ‘எ’, ‘ஆ’ என்று உயிரொலி மாறிக்கொண்டே போகும். மெல்ல மூடும்போது ‘ஓ’, ‘வ்’ என்று முடியும். நாம் ‘அம்மா’ என்று சொல்லும்போது நாக்குக்கு வேலையே கிடையாது. உதடு ஒருமுறை மூடித் திறந்தால் போதும். பூனை லேசாக வாய் திறந்து குரலெடுத்து, ஒரு நொடி மூடி, மறுபடி அகலத் திறந்தால் அதே ஒலிதான் வரும். ‘மாமா’, ‘ஏம்மா’, ‘வா’ எல்லாம் இந்த வகையில் சேரும். ‘அக்கா’, ‘தாத்தா’ அப்படி இல்லை. நாக்கு அண்ணத்தையோ பல்லையோ சரியான இடத்தில், சரியான கணத்தில் தொட்டு விடவேண்டும். நக்கவும், முடியைச் சீவவும், கறியைச் சுரண்டவும் அமைந்த நாக்குக்கு அந்த வேலை தெரியாது.

வீட்டுப் பூனையின் ஒலிகளை 1944ல் மில்ட்ரெட் மோல்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 16 வகையாகப் பிரித்து எழுதினார். வாயை மூடியபடி எழுப்பும் முனகல்கள், வாயைத் திறந்து மெல்ல மூடும்போது வரும் ‘மியாவ்’ வகைகள், வாயைத் திறந்தபடியே இறுக்கி எழுப்பும் சீறல், உறுமல், அலறல் என்று மூன்று பெரும் பிரிவுகள். மனிதப் பேச்சு போலத் தோன்றுவதில் பெரும்பங்கு இரண்டாவது பிரிவில்தான் இருக்கிறது.

மீதி வேலையை நம் காது செய்கிறது. அரைகுறையான ஒலியைப் பழகிய சொல்லாக நிரப்பிக் கொள்வது மூளையின் இயல்பு. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை இரண்டடி தூரத்தில் வைத்து அந்தக் குரலைப் பதிவு செய்யுங்கள். அதே பூனையின் வேறு நாலைந்து குரல்களையும் பதிந்து கலந்து வையுங்கள். பூனையைப் பார்த்திராத ஐந்து பேரிடம் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். பிறகு வேறு ஐந்து பேரிடம், “இதில் எது ‘அம்மா’ என்று கண்டுபிடியுங்கள்” என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ‘அம்மா’ கேட்கும், முதல் கூட்டத்தில் பாதிப் பேருக்குமேல் வெறும் பூனைச் சத்தம்தான் கேட்கும் என்று எதிர்பார்க்கலாம். ஒலி ஒன்றுதான். முன்கூட்டிச் சொன்ன சொல்தான் வித்தியாசம். முகத்தைப் பார்த்தபடி கேட்டால் இந்த மயக்கம் இன்னும் கூடும் என்பதால் வீடியோ வேண்டாம், ஆடியோ மட்டும் போதும்.

உங்கள் வீட்டுக்காரரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ சொல்லிக்கொள்வது அரிது. குட்டி தாயிடம் சொல்லும். வளர்ந்த பிறகு அந்தக் குரல் பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே மிஞ்சுகிறது. பல விதமாகக் கத்திப் பார்த்து, எந்தக் குரலுக்கு நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களோ, எதற்குக் கிண்ணம் வந்ததோ, அதைப் பூனை வைத்துக்கொள்கிறது. ‘அம்மா’ போலக் கேட்ட அன்று நீங்கள் நெகிழ்ந்து இன்னொரு கரண்டி ஊற்றியிருப்பீர்கள். அது போதும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகலஸ் நிகாஸ்ட்ரோ 2003ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத பூனையின் குரலை மட்டும் கேட்டு அது பசியா, எரிச்சலா என்று கண்டுபிடிக்க மனிதர்கள் திணறினார்கள். பூனையோடு பழகியவர்கள் கொஞ்சம் தேறினார்கள். எல்லாப் பூனைக்கும் பொதுவான அகராதி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பூனையும் அந்த மனிதரும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கு இருக்கிறது. ஆகவே அது கூப்பிடுவது உங்களைத்தான். அதில் உங்கள் மாமியாருக்குச் சந்தேகமே வேண்டாம்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. கழிச்சல் இருந்தால் பாலை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் அதே கிண்ணத்தில் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த மீன் கொஞ்சம் வையுங்கள். கூப்பிடுவது நிற்காது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்புகிறது, வருவதில்லை. பெயர் தெரியுமா, தெரியாதா?
– வாசகர், அண்ணா நகர்

தெரியும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழு 2013ல், பூனைகள் தங்கள் வளர்ப்பவரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டியது. 2019ல் பெயரைச் சோதித்தார்கள். நீளத்திலும் ஏற்ற இறக்கத்திலும் பெயரை ஒத்த வேறு நான்கு சொற்களை வரிசையாகச் சொல்லிப் பூனைக்குச் சலிப்பு வரவைத்து, ஐந்தாவதாகப் பெயரைச் சொன்னார்கள். பல பூனைகளிடம் காது, தலை அசைவு மீண்டும் கூடியது. வருவதும் வராததும் வேறு கணக்கு. பெயரைச் சொன்ன மூன்று விநாடிக்குள் தீனி கிடைக்கும்படி ஒரு வாரம் பழக்குங்கள். திட்டுவதற்கும், குளிப்பாட்டப் பிடிப்பதற்கும், மாத்திரை கொடுப்பதற்கும் பெயரைப் பயன்படுத்தவே கூடாது.

தடவிக் கொடுத்தால் குர்குர் என்கிறது. ஆனால் விடியற்காலையில் அதே குர்குர் சத்தத்துக்குள் குழந்தை அழுவது மாதிரி ஒன்று கேட்கிறது. தூக்கமே போய்விடுகிறது.
– வாசகி, வியாசர்பாடி

உங்கள் காது நுட்பமானது. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழு 2009ல் இதைத்தான் பதிவு செய்தது. சாதாரண குர்குர் ஒலி விநாடிக்கு 25 முதல் 30 அதிர்வு வரை உள்ள தாழ்ந்த சத்தம். சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் அதற்குள் 380 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 380 அதிர்வு அளவில் ஓர் உயர்ந்த ஒலியைச் செருகுகின்றன. கைக்குழந்தை அழுகையின் ஒலி 300 முதல் 600 ஹெர்ட்ஸுக்குள் வரும். அதனால்தான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடிவதில்லை. வீட்டில் ஒருவரோடு ஒட்டுதலாக இருக்கும் பூனைகளிடம் இது அதிகம் கேட்கும்.

எழுந்து சோறு வைத்தால் நாளைக்கு அரைமணி முன்னதாகக் கேட்கும். இரவு நீங்கள் படுக்கும் முன் பத்து நிமிடம் கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டிவிட்டு, அன்றைய உணவில் மூன்றில் ஒரு பங்கை அப்போது கொடுங்கள். காலை உணவை எழுந்தவுடன் கொடுக்காமல், பல் தேய்த்து, கோலம் போட்டுவிட்டு வந்து கொடுங்கள். நீங்கள் கண்விழிப்பதற்கும் சாப்பாட்டுக்கும் உள்ள முடிச்சு அவிழவேண்டும். முதல் சில நாள் சத்தம் கூடும். அந்தச் சமயத்தில் ஒருநாள் இறங்கிக் கொடுத்துவிட்டால், நீண்ட நேரம் கத்தினால் கிடைக்கும் என்று பாடம் கற்றுக்கொள்ளும்.

குர்குர் என்றாலே சந்தோஷம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடிபட்ட பூனையும், பிரசவ வலியில் இருக்கும் பூனையும், சாகக் கிடக்கும் பூனையும் குர்குர் என்னும். மூலையில் குறுகி உட்கார்ந்து, சாப்பிடாமல் அந்தச் சத்தம் வந்தால் அது நோயின் அறிகுறி.

13 வயதுப் பூனை. இரண்டு மாதமாக நடு ராத்திரியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ‘ஓ…வ்’ என்று ஒப்பாரி வைப்பதுபோலக் கத்துகிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் இளைத்துவிட்டது. அடுக்ககத்தில் புகார் வந்துவிட்டது. பூனை அழுதால் அபசகுனம் என்று வேறு சொல்கிறார்கள்.
– வாசகர், நங்கநல்லூர்

சகுனம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு, வயது பத்துக்கு மேல், இரவுக் கதறல்: இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தைராய்டு அதிகமாகச் சுரப்பது. ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாத்திரையில் கட்டுப்படும் நோய் இது.

அதோடு நிறுத்தக்கூடாது. வயதான பூனையின் சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு கூடினாலும் ரத்த அழுத்தம் ஏறும். மேல் அளவு 160ஐத் தாண்டி நின்றால் சிகிச்சை தேவை. கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போகலாம். வெளிச்சத்திலும் கருவிழி விரிந்தே இருக்கிறதா, குதிக்கும் தூரத்தைத் தவறாகக் கணிக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், சிறுநீரின் அடர்த்தியும் அதே நாளில் சோதிக்கச் சொல்லுங்கள். காது மந்தமாகிவிட்ட பூனையும் உரக்கக் கத்தும், தன் குரல் தனக்கே கேட்காததால். பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் முதுமை மறதி என்ற முடிவுக்கு வரலாம். சுவரைப் பார்த்து நிற்பது, வழக்கமான இடத்தை மறப்பது, மணல் தொட்டிக்கு வெளியே போவது அதன் அடையாளங்கள். மூட்டுவலியையும் மறக்கக்கூடாது. முன்பு ஏறிய அலமாரியில் இப்போது ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பத்து நாள் குறிப்பு ஒன்று கொண்டுபோங்கள். கத்திய நேரம், எத்தனை நிமிடம், எங்கே நின்றது, அதற்கு முன் என்ன செய்தது, குடித்த தண்ணீர். நான்கு கிலோ பூனைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து நாளைக்கு 200 மில்லி அளவு தண்ணீர் போதும். கிண்ணத்திலிருந்து மட்டுமே 400 மில்லி குடித்தால் அது முக்கியமான தகவல். கதறலை ஒருமுறை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனை மேஜையில் பூனை வாயே திறக்காது. 1903ல் தொடங்கிய, வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்கு ஒரு வழி.

அதுவரை வீட்டில் ஒரு இரவு விளக்கு எரியட்டும். பூனை தூங்கும் அறையிலேயே தண்ணீரும், விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மிகாத மணல் தொட்டியும் இருக்கட்டும். கத்தும்போது அதட்ட வேண்டாம். அருகில் போய்த் தொட்டு, தாழ்ந்த குரலில் பேசினால் பல பூனைகள் அடங்கும். அடுக்ககச் சங்கத்தில் இது நோய், சிகிச்சை நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுவிட்டுப் பொறுத்துப்போகிறவர்கள் நிறைய.

நான்கு வயது கடுவன். நேற்று மாலையிலிருந்து மணல் தொட்டிக்குப் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறான். ‘ஆ… ஆவ்’ என்று மனுஷர் வலியில் கத்துவது போலவே கத்துகிறான். மலச்சிக்கல், விளக்கெண்ணெய் கொடு என்கிறார்கள்.
– வாசகர், கொளத்தூர்

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதது இதுதான். கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். முழு அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும்.

மலச்சிக்கலா, அடைப்பா என்று பிரிப்பது இப்படி: மணலில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை, அல்லது பட்டாணி அளவுச் சொட்டுகள் மட்டும் என்றால் அடைப்பு. குறியை அடிக்கடி நக்கும். வாந்தி எடுக்கும். அடிவயிற்றில் எலுமிச்சை அளவில் கல் போன்ற ஒன்று தட்டுப்படலாம். அது நிரம்பிய சிறுநீர்ப்பை. அமுக்கிப் பார்க்கவே கூடாது, கிழியலாம். மருத்துவர் மயக்கம் கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை நீக்குவார், சிரை வழியாகத் திரவம் ஏற்றுவார். பிறகு உணவு மாறவேண்டும். உலர் தீனி மட்டுமே தின்னும் கடுவன்கள் சென்னை வெயிலில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டிப்படும். ஈர உணவுக்கு மாற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, அகலமான பாத்திரமாக, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். ஒருமுறை அடைத்தவனுக்கு மறுபடியும் அடைக்கலாம், எனவே தினமும் மணல் கட்டிகளை எண்ணும் பழக்கம் வேண்டும்.

எங்கள் பூனைக்கு மல்லிகைப் பூச்சரம் என்றால் உயிர். தலையில் வைத்திருந்தாலும் தாவி இழுக்கிறது. பூவைத் தின்றால் ஆபத்தா?
– வாசகி, திருவல்லிக்கேணி

மல்லிகைப் பூவால் ஆபத்தில்லை. ஆபத்து அதைக் கட்டிய நூலில்.

பூனை நாக்கின் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பவை. நூலின் நுனி அதில் மாட்டினால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளத் தள்ள, நாடா கோத்த பாவாடை இடுப்பு போலச் சுருங்கிக்கொண்டே வரும். இறுகிய நூல் குடலை அறுத்துவிடும். வாந்தி, சாப்பிட மறுப்பது, குனிந்து முதுகை வளைத்து உட்காருவது, சில பூனைகளில் வாந்திக்கு முன் நீண்ட மனிதக் குரல் போன்ற முனகல், இவை ஒன்று இரண்டு நாளில் தெரியும்.

வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் நூல் தெரியாது, குடல் கொசுவியிருப்பதுதான் தெரியும். ஸ்கேன் கூடுதலாக உதவும். அறுவை சிகிச்சை தேவைப்படுவதே வழக்கம். சாமி படத்துக்குப் போட்ட சரம் எட்டும் உயரத்தில் வேண்டாம். வாடிய பூவை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். வாழைநாரில் கட்டினாலும் இதே அபாயம்தான். தையல் நூல், ஸ்வீட் பெட்டி ரிப்பன், மாடியில் அறுந்து விழும் காற்றாடி நூல் எல்லாம் இதே பட்டியல். பூங்கொத்தில் லில்லி வந்தால் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

தோட்டத்தில் களை பிடுங்கும்போது ஒரு செடியின் வேரைப் பூனை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக, புரண்டு புரண்டு ஏதோ புலம்பியது. கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்துபோனது. விஷச் செடியா?
– வாசகர், தாம்பரம்

இலை ஓரம் பல் பல்லாக, காம்பு நீண்டு, ஒரு முழ உயரத்துக்குள் இருந்திருந்தால் அது குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் நம் சித்த மருத்துவத்தில் உண்டு. நீங்கள் பார்த்த காட்சியைப் பார்த்துத்தான் யாரோ அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். செடி நிற்கும்போது பூனை கண்டுகொள்ளாது. பிடுங்கி வேர் வெளியே வந்ததும்தான் ஓடிவரும்.

வெளிநாட்டில் கேட்னிப் என்ற செடிக்குப் பூனைகள் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதிலுள்ள நெபெடலாக்டோன் என்ற வாசனைப் பொருளை மூக்கு உணர்ந்ததும் மூளையில் இன்ப உணர்வு தரும் வேதிப்பொருட்கள் சுரக்கின்றன. இதே விளைவைத் தரும் சில்வர் வைன் என்ற கொடியை வைத்து ஜப்பானில் மசாவோ மியாசாகி குழு 2021ல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சாற்றை உடம்பில் தேய்த்துக்கொண்ட பூனைகள் மேல் கொசு குறைவாக உட்கார்ந்தது. புரளுவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது. கேட்னிப்புக்குக் குட்டிகள் மயங்குவதில்லை. வளர்ந்த பூனைகளிலும் எல்லாவற்றுக்கும் அது வேலை செய்யாது, பரம்பரையாக வருவது. மயக்கம் தெளிந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு அதே வாசனை வேலை செய்யாது.

பயப்பட ஒன்றுமில்லை. முகர்ந்து புரளட்டும். நாமாகச் சாறு பிழிந்து வாயில் ஊற்றுவது, எண்ணெயில் காய்ச்சித் தடவுவது மட்டும் வேண்டாம்.

ஜன்னலில் காக்காயைப் பார்த்ததும் தாடை நடுங்க ‘கெகெகெ’ என்கிறது. குளிரா, வலிப்பா?
– வாசகி, கே.கே. நகர்

இரண்டும் இல்லை. எட்டாத இரையைக் கண்ட வேட்டைக்காரப் பூனையின் ஒலி. கண் பறவைமேல் நிலைத்திருக்கும், கூப்பிட்டால் திரும்பும். வலிப்பில் திரும்பாது, வாயில் நுரை வரும், கால் விறைக்கும். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறீர்களா? மூன்றாவது மாடி என்றாலும் காக்கையைப் பார்த்துப் பாயும். கொசு வலை போதாது, நகத்தில் கிழியும். கம்பி வலையைச் சட்டம் போட்டுத் திருகாணியால் இறுக்குங்கள்.

ராத்திரி மொட்டைமாடியில் இரண்டு பூனைகள் எதிரெதிரே நின்று மனிதர்கள் வாக்குவாதம் செய்வது போல மாறி மாறிப் பேசுகின்றன. கிட்டத்தட்ட வாக்கியமாகவே கேட்கிறது.
– வாசகர், ராயபுரம்

மனிதப் பேச்சுக்கு ஏற்ற இறக்கத்தில் மிக நெருங்கி வருவது இதுதான். எல்லைச் சண்டைக்கு முன் கடுவன்கள் உறுமலையும் அலறலையும் கலந்து, தாழ்ந்து உயர்ந்து இழுக்கும். இடையில் எச்சில் விழுங்கும்போது ஒலி அறுபடும், தாடை அசையும்போது உயிரொலி மாறும். அந்த அறுப்பும் மாற்றமும்தான் சொற்களாகக் கேட்கின்றன. நிமிடக்கணக்கில் நீடிக்கும், பெரும்பாலும் ஒன்று மெதுவாகப் பின்வாங்கும். பின்வாங்கும் பூனை ஓடாது. அங்குலம் அங்குலமாக நகரும்.

அடித்துக்கொண்டால் கையைக் கொடுக்காதீர்கள். ஒரு பலகையையோ அட்டைப்பெட்டியையோ நடுவில் தள்ளுங்கள், பக்கெட்டைத் தரையில் தட்டுங்கள். பூனைக் கடி வெளியே ஊசிமுனை அளவு தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும், கிருமி உள்ளே மூடிக்கொள்ளும். கையில் கடித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சண்டையிட்ட பூனைக்கு மூன்று நாலு நாள் கழித்துக் கன்னத்திலோ வால் அடியிலோ வீக்கம் வந்தால் அது சீழ்க்கட்டி. கருத்தடை செய்தால் இந்தக் கச்சேரி பெருமளவு குறையும்.

ஆறு மாதப் பெட்டை. நான்கு நாளாகக் குழந்தை மாதிரி அழுது, தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வயிற்று வலியா?
– வாசகி, புரசைவாக்கம்

வலி இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் அடங்கும், இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரும். நம் ஊரில் வெயில் நிறைய என்பதால் ஆண்டின் பெரும்பகுதி இந்தச் சுழற்சி ஓடும். கதவைத் திறந்து வைக்காதீர்கள். சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான், குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். பருவத்தை நிறுத்தும் ஹார்மோன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கருப்பையில் சீழும் மடியில் கட்டியும் வர வழி செய்யும். கருத்தடை அறுவை சிகிச்சையே தீர்வு. இப்போதைய பருவம் அடங்கியபின் செய்தால் ரத்தப்போக்கு குறைவு.

தினமும் சோறு வைக்கும் தெருப்பூனையின் குரல் திடீரென்று கரகரவென்று, வயதான ஆள் போல மாறிவிட்டது. வாயில் எச்சிலும் வடிகிறது. எலும்பு சிக்கியிருக்குமோ என்று வாயைத் திறந்து பார்க்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

திறக்காதீர்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து தும்மினால் பூனைச் சளிக் காய்ச்சலாக இருக்கலாம், அதில் குரல் கம்மும், வாய்ப்புண்ணால் எச்சிலும் வரும். ஆனால் குரல் மாற்றமும் எச்சிலும் ரேபிஸ் நோயின் அறிகுறிகளும்தான். தடுப்பூசி போட்ட வரலாறு தெரியாத பூனையிடம் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. காரணமில்லாமல் பாய்வது, அல்லது இருட்டு மூலையில் பதுங்குவது, நடை தள்ளாடுவது சேர்ந்தால் குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, விலங்கு நல அமைப்பையோ மாநகராட்சியையோ அழையுங்கள்.

ஏற்கெனவே கடியோ கீறலோ பட்டிருந்தால், அல்லது எச்சில் புண்ணில் பட்டிருந்தால், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் கட்டக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்கள். ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி போடுவதையும் கேட்டு வாங்குங்கள். பூனையை பத்து நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுப் பூனைக்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஆண்டுதோறும்.

அழுக்கு சாக்ஸை மோந்துவிட்டு வாயைப் பாதி திறந்து, நாற்றம் பொறுக்காத மாதிரி முகத்தைச் சுளித்து நிற்கிறது. ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையிலும் அப்படியே. பிடிக்கவில்லை என்று அர்த்தமா?
– வாசகர், குரோம்பேட்டை

முகம் சுளிக்கவில்லை, ஆராய்ச்சி செய்கிறது. மேல் பல்வரிசைக்குப் பின்னால் அண்ணத்தில் இரண்டு சிறு துளைகள் உண்டு. அவை ஜேகப்சன் உறுப்பு என்ற இன்னொரு முகர்வுக் கருவிக்குப் போகின்றன. வாயைத் திறந்து அந்த வழியாக வாசனையை உள்ளே இழுக்கிறது. சாக்ஸ் விஷயத்தில் தடையில்லை.

ஃபினாயில் வேறு. பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் வாய்ப்புண், எச்சில், தள்ளாட்டம் வரும். கறுப்பு ஃபினாயிலை நிறுத்திவிடுங்கள். சாதாரண சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, காய்ந்தபிறகு பூனையை உள்ளே விடுங்கள். நமக்கான பாராசிட்டமால் மாத்திரையும் அதே கல்லீரல் குறையால்தான் பூனைக்கு விஷமாகிறது. பாதி மாத்திரைகூடக் கொல்லும். காய்ச்சல் என்று கை வைத்துப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம் கைக்குச் சுடத்தான் செய்யும்.